ஒரு நாள் நமக்காக: பழவேற்காடு போய் வருவோம்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் என்றாலே சேமிப்பு, சந்தா, தவணை, வட்டி என்றுதான் பேசுகிறோம். இன்றைக்கு அதற்கு நடுவில் வேறு ஒரு விஷயம். ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து வெளியூர் போய் வருவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதெல்லாம் நமக்கு எதுக்குக்கா? வீண் செலவுதானே?" என்று சிலர் கேட்பீர்கள். அவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். போன ஒரு வருஷத்தில் நீங்கள் வீட்டை விட்டு வெளியூர் போனது எதற்காக? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு, ஆஸ்பத்திரி, வங்கி. இதில் எது உங்களுக்காகப் போனது? அநேகமாக ஒன்றும் இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் காய் நறுக்கத்தான் உட்கார்ந்திருப்போம்.

அதனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நமக்காக ஒதுக்குவோம் என்கிறேன். அதற்கு ஊட்டி, கொடைக்கானல் என்று கடன் வாங்கிப் போக வேண்டாம். மீஞ்சூரில் ரயில் ஏறினால் அரை நாளுக்குள் பார்த்து முடிக்க முடியாத ஓர் ஏரி நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் பழவேற்காடு.

எத்தனை பெரிய ஏரி!

இந்தியாவில் உள்ள உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி நம்ம திருவள்ளூர் மாவட்டம். ஒரு பக்கம் நம்ம ஆரணியாறு வந்து கலக்கிறது, மறுபக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறும். ஆழம் பல இடங்களில் இடுப்பளவுதான். அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. அதைத் தின்னத்தான் பறவைகள் வருகின்றன. அரசாங்கம் 1980-இல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

எப்போது போகலாம்?

மாசி பாதிக்கு மேல், பங்குனி பாதிக்குள். குளிர் போயிருக்கும், கத்திரி வந்திருக்காது. பூநாரைகள் அப்போதும் கொஞ்சம் இருக்கும். பங்குனி முடிந்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். சித்திரையில் போனால் வெயிலைத்தான் பார்த்துவிட்டு வரலாம். முழுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளும் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு தேதி வையுங்கள்.

எப்படிப் போவது?

மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. அங்கே இறங்கி பேருந்து நிலையம் போனால் பழவேற்காடு பஸ் கிடைக்கும். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் செலவு இன்னும் குறையும். காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். 9 மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் பறவையும் தெரியாது, நமக்கும் தலை சுற்றும். போகிற வழியில் திருப்பாலைவனத்தில் திருப்பாலீஸ்வரர் கோயில் இருக்கிறது, சோழர் காலத்துக் கோயில். சாமி கும்பிட விரும்புகிறவர்கள் திரும்பும்போது இறங்கிக்கொள்ளலாம்.

அங்கே போய் என்ன செய்யலாம்?

முதலில் பறவை பாருங்கள். ஊரிலிருந்து கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் போகிற பாலத்தில் நின்றாலே இரண்டு பக்கமும் தண்ணீர்தான். பூநாரைக்குக் கால் நீளம், கழுத்து நீளம், இறக்கையில் ரோஸ் நிறம். தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீருக்குள் விட்டுச் சல்லடை மாதிரி சலித்துச் சாப்பிடும். அது தின்கிற பாசியிலும் சின்ன இறாலிலும் உள்ள சத்துதான் அந்த ரோஸ் நிறம். குஜராத்தில் கட்ச் பக்கம் முட்டையிட்டு வளர்கிற பறவை நம்ம ஊருக்குத் தீனி தேடி வருகிறது. கூழைக்கடா, உள்ளான், கொக்கு எல்லாம் பார்க்கலாம். கை தட்டிக் கத்திப் பறக்கவிட வேண்டாம். தீனி தின்கிற நேரத்தில் அதற்கு அது பெரிய தொந்தரவு.

இரண்டாவது, மீன் ஏலம் நடக்கிற இடம். காலையிலேயே போனால்தான் பார்க்க முடியும். கூடையில் மீன் எடுத்துப் பஸ் ஏறி ஊர் ஊராக விற்கிற பெண்களைப் பார்க்கலாம். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பனை ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, வெறும் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களும் இருக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கைதான் முதலீடு. நண்டு வாங்கும்போது ஐந்துக்கும் பத்துக்கும் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். அவர்களும் நம்மை மாதிரி குழுவில் இருக்கிறவர்கள்தான், தவணை கட்டுகிறவர்கள்தான்.

அங்கே "பாடு" என்று ஒரு முறை இருப்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று மீனவ கிராமங்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது அது. எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்து அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. நம்ம குழுவில் யாருக்கு முதல் கடன் என்று முறை வைக்கிறோமே, அதேதான். ஆனால் பாடு தலைக்கட்டு ஆண்களின் பேரில்தான் நடக்கிறது. மீனைத் தலையில் சுமந்து விற்கிற பெண்ணுக்கு அதில் பேர் கிடையாது. இதையும் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பனை ஓலைப் பின்னல். பழவேற்காட்டில் முஸ்லிம் சகோதரிகள் பலர் வீட்டில் இருந்தபடியே ஓலைக்குச் சாயம் ஏற்றிப் பெட்டி, கூடை, தட்டு பின்னுகிறார்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. ஓலை எங்கே வாங்குகிறார்கள், ஒரு பெட்டி பின்ன எத்தனை நேரம் ஆகிறது, யார் எடுத்துப் போகிறார்கள், என்ன விலை கிடைக்கிறது என்று கேளுங்கள். தொழில் செய்கிற குழுவுக்கு இந்த நாலு கேள்வியே ஒரு பயிற்சி. கண்டுணர்வுப் பயணம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

நான்காவது, பழைய ஊர். டச்சுக்காரர்கள், அதாவது ஒல்லாந்தர்கள், இங்கே 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். அது இப்போது இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போனால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பழைய பள்ளிவாசல்கள், போர்த்துகீசியர் காலத்தில் 1515-இல் தோன்றிய மகிமை மாதா கோயில் எல்லாம் இதே ஊரில்தான்.

அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். அவர்கள் இங்கிருந்து கைத்தறித் துணி மட்டும் ஏற்றவில்லை. 1600-களில் பஞ்சம் வந்த காலங்களில், பசிக்கும் கடனுக்கும் தன்னையும் பெற்ற பிள்ளையையும் விற்ற நம்ம ஜனங்களை வாங்கி, இதே கரையிலிருந்து கப்பலில் ஏற்றி, பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அது. துரைமார்களுக்குப் பேர் வெட்டிய கல் இருக்கிறது. கப்பலில் போனவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை. அவசரத்துக்குக் கை நீட்ட ஒரு குழு இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அங்கே நின்றால் புரியும்.

படகில் ஏறாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து நம்மைப் போலவே ஒரு நாள் சந்தோஷமாக இருக்க வந்தவர்கள் ஏறிய படகு பழவேற்காட்டில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அது மீன்பிடிப் படகு. அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது.

மீன்பிடிப் படகு வலைக்கும் நாலு ஆளுக்கும் கட்டியது. இருபது பேர் ஏறி, ஒரு பக்கமாகப் பறவை தெரிகிறது என்று எல்லோரும் எழுந்தால் போதும், சாய்ந்துவிடும். "ஏரிதானே, ஆழமில்லையே" என்பீர்கள். முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும்போதும் வடியும்போதும் இழுக்கிற இழுப்பு வேறு. நீச்சல் தெரிந்த மீனவரே அங்கே பார்த்துத்தான் போவார். நமக்கு நீச்சல் தெரியாது, கட்டியிருப்பது ஆறு கஜம் புடவை.

தடை இருந்தும் யாராவது வந்து "ஏறுங்கம்மா, சும்மா ஒரு ரவுண்டு" என்று கூப்பிடலாம். அந்த நேரத்தில் பத்துப் பேர் சிரித்துக்கொண்டு ஏறும்போது ஒருத்தி மட்டும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. வாய் வராது. அதனால்தான் சொல்கிறேன், கிளம்புவதற்கு முன்பே கூட்டத்தில் பேசி, "படகில் ஏறமாட்டோம், முகத்துவாரத்தில் குளிக்கமாட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கடனுக்கு எழுதுகிற மாதிரியே எழுதுங்கள். அப்போது மறுப்பது ஒருத்தியின் பயம் ஆகாது, குழுவின் முடிவு ஆகும்.

பணத்துக்கு என்ன வழி?

குழு சேமிப்பைத் தொடக்கூடாது. சுழல்நிதியைத் தொடக்கூடாது. சுற்றுலாவுக்கு உள்கடனும் வேண்டாம். தனியாக ஒரு உண்டியல் வையுங்கள். வாரம் 10 ரூபாய், 20 வாரம் போட்டால் ஒரு ஆளுக்கு 200 ரூபாய். 16 பேர் உள்ள குழுவுக்கு 3,200 ரூபாய் சேரும். ரயிலிலும் பஸ்ஸிலும் போனால் போக்குவரத்துச் செலவு கொஞ்சம்தான். வேன் பேசினால்தான் கை கடிக்கும். வரவு செலவை ஒரு தனி நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். மீதி இருந்தால் அவரவருக்குப் பிரித்துக் கொடுங்கள்.

வாரம் 10 ரூபாயும் முடியாத ஒரு உறுப்பினர் இருப்பார். அவரைக் கூட்டத்தில் எழுப்பிக் கேட்காதீர்கள். ஊக்குநர் தனியாகப் போய்ப் பேசுங்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் போட்டால் முடிந்தது. கணவனை இழந்த சகோதரிகளையும் வயசான அம்மாக்களையும் "அவங்க எதுக்கு வரப் போறாங்க" என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெளியே போகாமல் அதிக நாள் இருந்தவர்கள் அவர்கள்தான்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

இதுதான் பெரிய மலை. "வங்கியில் மீட்டிங்" என்று பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு தடவை தெரிந்துபோனால் நிஜமான மீட்டிங்குக்கும் அனுப்பமாட்டார்கள். ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்: இந்தத் தேதி, இந்த ஊர், இத்தனை பேர், சாயங்காலம் 6 மணிக்கு வீட்டில் இருப்பேன், ஊக்குநர் போன் நம்பர் இது. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். முதல் பயணத்தில் நேரம் தவறாமல் வந்தால், இரண்டாவது பயணத்துக்கு மாமியாரே "நானும் வரட்டுமா" என்று கேட்பார்.

கையில் எடுத்துப் போக வேண்டியது

புளிசோறு, எலுமிச்சை சோறு மாதிரி கெடாத சாப்பாடு. ஆளுக்கு இரண்டு பாட்டில் குடிதண்ணீர், அங்கே கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும். குடை, வயசானவர்களின் பிரஷர், சுகர் மாத்திரை, ஒரு மாற்றுப் புடவை, தேவைப்படுகிறவர்களுக்கு நாப்கின். கழிப்பறை இல்லாத இடம் நிறைய, அதனால் பொன்னேரி பேருந்து நிலையத்திலேயே எல்லோரும் போய்விட்டுக் கிளம்புங்கள். எச்சில் இலையையும் காலி கவரையும் ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஏரியில் போட்டால் அது இன்னொருத்தியின் வலையில்தான் போய் மாட்டும். மீன், நண்டு வாங்குவதாக இருந்தால் கடைசியாக வாங்கி ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள்.

சகோதரிகளே, இந்த வாரக் கூட்டத்தில் மூன்றே தீர்மானம் போடுங்கள். ஒன்று, உண்டியல் எந்த வாரம் ஆரம்பிப்பது. இரண்டு, எந்த மாதம் போவது. மூன்று, படகில் ஏறுவதில்லை என்பது. போய் வந்த குழுக்கள் என்ன பார்த்தீர்கள், எவ்வளவு செலவானது, எது சரியாக அமையவில்லை என்று ஒரு பக்கம் எழுதி நமது இதழுக்கு அனுப்புங்கள். அடுத்துப் போகிற குழுவுக்கு அது உதவும்.