கடல் கடக்குமுன் கணக்குப் பார்ப்போம்

(கழக வெள்ளி விழாவையொட்டி மயிலாப்பூரில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குதலே மரபு. அதனை நம்மினும் சிறப்பாகச் செய்ய வல்லோர் இம்மேடையில் உள்ளனர். ஆதலின் நாம் வீட்டுக்குப் பயன்படும் ஒரு செய்தியைப் பேச விழைகின்றோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கழகம் தொடங்கப்பெற்றபோது, பத்தாம் வகுப்பைத் தாண்டுவதே நம் பிள்ளைகளுக்கு மலையேற்றமாக இருந்தது. இன்றோ, அப்பிள்ளைகளே நம்மைத் தேடி வந்து, "ஐயா, குடும்பத்தோடு வெளிநாடு போகலாம் என்றிருக்கிறோம், தங்கள் கருத்து என்ன?" என்று வினவுகின்றனர். இவ்வினா எழுந்ததே நம் கழகத்தின் வெற்றி. எனினும் வினாவுக்கு விடை சொல்லுமுன் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

நம் மக்கள் கடல் கடப்பது புதிதன்று. 1860ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் 'துரூரோ' என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு இதே சென்னைக் கரையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டை அடைந்தது. ஒப்பந்த வேலை, முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. அதற்கு முன்னும் பின்னும் மொரீசியசுக்கும், பிஜிக்கும், மலேயாவுக்கும், இலங்கைக்கும் சென்ற கப்பல்களிலும் தோணிகளிலும் நம்மவர் எத்துணையோ பேர் இருந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பதை எழுதிய சீட்டே துண்டு. வழிச்செலவே முதற்கடன். அக்கடனைத் தீர்க்கும் புதிய துரையே அவனைப் பெற்றுக்கொள்வார். 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. நம் முன்னோர்க்குக் கணக்கை வேறொருவர் எழுதினார். அவர்கள் கைநாட்டு மட்டும் வைத்தனர். இக்காலத்தில் நாமே கணக்கெழுத வல்லோமாயினும், எழுதாமற் புறப்படுவோமாயின், பழைய துண்டு புதிய பெயரில் நம்மைத் தொடரும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். அதில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம் மாலை வகுப்பில் படித்து உயர்ந்த பொறியாளர் ஒருவர்க்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. மனைவியோடும் இரு குழந்தைகளோடும் செல்ல விரும்பினார். நாம் கூடி விழா எடுத்தோம், ஆளுயர மாலை அணிவித்தோம், துண்டறிக்கை அடித்தோம். "தம்பி, கையில் எவ்வளவு இருக்கிறது?" என்று ஒருவரும் கேட்டோமில்லை. அவர் விமானச் சீட்டையும் விசாக் கட்டணத்தையும் கணக்கிட்டிருந்தார். நால்வருக்கும் முன்கூட்டியே செலுத்த வேண்டிய சுகாதாரக் கட்டணத்தை விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் கண்டார். ஒரே வாரத்தில் பாட்டனார் காலத்து வீட்டின்மேல் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினார். மாத நடுவிற்குப்பின் பணியில் சேர்ந்தமையால் முதற்சம்பளம் அடுத்த மாத இறுதியில்தான் வந்தது. அதற்குள் கைப்பணம் கரைந்தது. எட்டு மாதங்களில் மனைவியும் குழந்தைகளும் திரும்பினர். அவ்வம்மையாரின் நகைகள் போயின. வீடு மட்டும் தப்பியது. அவர் தனித்திருந்து கடனை அடைத்தார். மாலைக்குச் செலவிட்ட நேரத்தில் ஒரு மணியைக் கணக்கிற்குச் செலவிட்டிருப்போமாயின் இத்துன்பம் நேர்ந்திராது. இக்குறையை நாம் மேடையில் நின்றே ஒப்புக்கொள்கின்றோம்.

நம் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பயணத்தை நாம் பெருமையோடு பேசுகின்றோம். அதன் வரவு செலவைப் பேசுவதில்லை. 1913இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்றாண்டுக்கு மட்டும். அதனைக் கொண்டு நியூயார்க்கில் வாழ்ந்து கொலம்பியாவில் பயின்றார். 1916இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடையே நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. தனியே அனுப்பிய நூல்கள் போரில் கப்பலோடு மூழ்கின. எத்துணை அறிவிருப்பினும் பணம் தீரும் நாளில் கப்பலேற வேண்டியதே என்பது அவர் பெற்ற பட்டறிவு.

அவர் மீண்டும் சென்ற முறையைப் பாருங்கள். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சிக்கனமாக வாழ்ந்து ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். அச்சேமிப்போடு, நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் தந்த ஐயாயிரம் ரூபாய்க் கடனும், கோலாப்பூர் மன்னரின் உதவியும் சேர 1920இல் இலண்டன் சென்றார். 1923இல் வழக்கறிஞர் தொழிலுக்கு உரியவராய்த் திரும்பினார்; அவ்வாண்டிலேயே முனைவர் பட்டமும் பெற்றார். சேமிப்பு ஒரு பங்கு, நம்பத்தக்க நண்பரின் கடன் ஒரு பங்கு, உதவி ஒரு பங்கு என்று மூன்று கால்களில் நின்றது அம்முக்காலி. கந்துவட்டி என்னும் காலே அதில் இல்லை. அவ்வாண்டுகளில் பம்பாயில் இருந்து குடும்பத்தைத் தாங்கியவர் இரமாபாய் அம்மையார். வெளிநாட்டுக் கணக்கோடு வீட்டுக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதை அவ்வம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

இனி, நடைமுறைக் கணக்கிற்கு வருவோம். அதனை மூன்று தலைப்புகளில் எழுதுக: புறப்படுமுன், இறங்கியவுடன், முதலாண்டு.

புறப்படுமுன் ஆகும் செலவில் பெரியது அரசுகள் கேட்கும் தொகை. இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரி முதல் அந்நாட்டின் சுகாதாரக் கட்டணம் பெரியவர்க்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. குழந்தைக்கு 776 பவுண்டு. கணவன், மனைவி, இரு குழந்தைகள் மூன்றாண்டு விசாவில் சென்றால் பெரியவர் இருவர்க்கு 6,210, குழந்தைகள் இருவர்க்கு 4,656, ஆக 10,866 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 12½ லட்சம் ரூபாய். இதனை மாதந்தோறும் கட்ட இயலாது. விண்ணப்பிக்கும் நாளிலேயே கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் இதனை ஏற்றுக்கொள்கின்றன. வேலையை ஒப்புக்கொள்ளுமுன் கேட்டு எழுத்தில் பெறுக. சுகாதாரப் பணி விசாவில் செல்லும் செவிலியர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இக்கட்டணம் விலக்கு. இதனோடு, நிறுவனம் பொறுப்பேற்காவிடில், நால்வர் குடும்பத்திற்கு 2,070 பவுண்டு 28 நாள் வங்கியில் அசையாமல் இருந்தமையைக் காட்ட வேண்டும்.

கனடாவுக்கு வேலை உறுதியின்றித் திறனாளர் குடியேற்ற வழியில் செல்லும் நால்வர் குடும்பம் 28,362 கனடிய டாலர் சொந்தப் பணம் காட்ட வேண்டும் என்று 2025 ஜூலையில் அந்நாடு அறிவித்தது. அது கடன் வாங்கிய பணமாக இருத்தல் கூடாது. ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவர் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் இட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. இத்தொகைகள் ஆண்டுதோறும் மாறும். ஆதலின் விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் அறிவிப்பையே பார்க்க வேண்டும். தெருமுனை நண்பரின் சொல்லை நம்பலாகாது.

குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலுமா என்பதையும் முதலிலேயே அறிக. இங்கிலாந்தில் முதுகலை வகுப்பில் சேரும் மாணவர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்வது, ஆராய்ச்சிப் படிப்புகள் நீங்கலாக, 2024 ஜனவரி முதல் நின்றது. முதியோர் பராமரிப்புப் பணியாளர்க்கு அதே ஆண்டு மார்ச்சில் நின்றது. 2025 ஜூலையில் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. இன்னமும் அவ்வேலையை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவர் உண்டாயின், அவர் விற்பது காற்று.

தலைமையாசிரியர் என்னும் முறையில் ஒரு சிறு செலவைக் குறிப்பிட விரும்புகின்றோம். அது பெயர்ச் செலவு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. பள்ளிச் சான்றில் ஒருவகை, பிறப்புச் சான்றில் ஒருவகை, கடவுச்சீட்டில் தந்தை பெயரை விரித்து ஒருவகை என்றிருந்தால், ஒவ்வொன்றையும் திருத்துவதற்கு உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று பணமும் மாதங்களும் செல்லும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பெயரை ஒரே சீராக எழுதுவித்தல் செலவில்லாத சேமிப்பாகும். குழந்தைகளின் சாதிச் சான்றிதழையும் புறப்படுமுன் பெற்று வைக்க வேண்டும். திரும்பி வரும் நாளில் அது தேவைப்படும்.

இறங்கியவுடன் ஆகும் செலவில் வீடே முதன்மையானது. நம் சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்ட வழக்கத்தை நாம் அறிவோம். இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்வைப்பு வாங்குதல் 2019 முதல் சட்டத்திற்கு முரண். அது நமக்கு ஆறுதல். எனினும் வாடகை நம் ஊதியத்தின் பெரும்பகுதியை விழுங்கும். அரசுப் பள்ளியில் கட்டணமில்லை. பள்ளி வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு மிகுதி. மனைவி உடனே வேலைக்குப் போவார் என்று வரவில் எழுதாதீர்கள். அவ்வேலை கிடைத்த பிறகே எழுதுங்கள். முதற்சம்பளம் கைக்கு வரும்வரை மட்டுமன்றி மூன்று மாதச் செலவு தனியே இருத்தல் வேண்டும். ரங்கநாதன் தெருவில் குக்கரும் இட்லித் தட்டும் வாங்குவது சிக்கனமே. குளிர் உடையை மட்டும் இங்கே வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். நம் ஊர்க் கம்பளி அந்நாட்டுக் குளிருக்குத் தாங்காது.

முதலாண்டுக் கணக்கில் பலர் எழுத மறப்பது ஊரில் விட்டுச்சென்ற பெற்றோரின் செலவு. மருந்து, வாடகை, தங்கையின் படிப்பு ஆகியன கப்பலேறியதும் நின்றுவிடுவதில்லை. இதனை முதல் வரியில் எழுதுங்கள்.

பணம் பெறும் வழிகளையும் சொல்ல வேண்டும். மைய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, ஆண்டுக் குடும்ப வருமானம் 8 லட்சத்திற்கு உட்பட்ட பட்டியல் வகுப்பு மாணவர்க்கு உரியது. கல்விக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு 15,400 டாலரும் இங்கிலாந்தில் 9,900 பவுண்டும் தருகின்றது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்வரை உதவுகின்றது. இவை மாணவர் ஒருவர்க்குக் கணக்கிட்ட தொகை, குடும்பம் நடத்துவதற்கன்று. வேலைக்குச் செல்வோர்க்கு, தமிழ்நாடு அரசு 1978இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் உள்ளது. தனியார் முகவரிடம் சென்றால் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழமைந்த விதிகளின்படி அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் மட்டுமே. பற்றுச்சீட்டு தர மறுப்பவரிடம் ஒரு காசும் கொடுக்கலாகாது.

இங்கே நெஞ்சைத் தொடும் ஒன்றைச் சொல்கின்றோம். இருக்கும் ஒரே வீட்டை விற்றுப் புறப்படாதீர்கள். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கரையோரத்திலும் குடியிருந்த நம்மவர் பலர், கேட்பாரின்றிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் பெயர்த்தனுப்பப்பட்டதைக் கண்டவர் நாம். நகருக்குள் ஓரறை வீடு நம் பெயரில் இருப்பது எத்துணை அரிது என்பதை அறிவோம். விற்ற வீட்டை மீண்டும் வாங்க இயலாது. ஆதலின் ஒருவர் முதலில் செல்க, ஓராண்டு காலூன்றுக, பின்னர் குடும்பத்தை அழைக்க. பிரிவு துன்பமே. எனினும் கடனால் நேரும் பிரிவினும், திட்டமிட்ட பிரிவு பொறுக்கத்தக்கது.

சாதி கடலில் கரைந்துவிடும் என்றெண்ணுவோர்க்கும் ஒரு சொல். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நோய் அங்கும் சென்றமையால்தான் மருந்து தேவைப்பட்டது. ஆதலின், நம்மவர் வீடு ஒன்றில் அறை கிடைக்கும் என்று வாய்மொழியை மட்டும் நம்பிச் செல்லாமல், முதல் நான்கு வாரத் தங்குமிடத்திற்குப் பணத்தை ஒதுக்குங்கள். யாரிடமும் ஊரும் தெருவும் சொல்லி இடங்கேட்க வேண்டாத நிலையே தன்மானத்தின் விலை. அது வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டிய செலவு.

"எல்லோரும் போய்விட்டால் இங்கே யார் இருப்பது?" என்று பெரியோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றித் திரும்பியபின், நம் மக்களுக்காக வட்டமேசை மாநாடு வரை சென்று வாதாடினார். போவது குற்றமன்று. காலூன்றிய பின் நம் மாலை வகுப்பில் ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்றுக்கொள்வீராயின் நீங்கள் போயினீர் என்று யாம் கருதமாட்டோம்.

இறுதியாக, கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். கணக்கறிந்த உறுப்பினர் மூவரைக் கொண்ட சிறு குழு ஒன்றை இவ்விழாவிலேயே அமைப்போம். வெளிநாடு செல்ல விரும்பும் குடும்பம் தன் கணக்குத் தாளை அக்குழுவிடம் காட்டட்டும். வங்கிக்கும் அலுவலகத்திற்கும் துணைக்கு ஆள் அனுப்புவோம். பணம் போதாதெனில், "ஓராண்டு பொறு தம்பி" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். வழியனுப்பு விழாவை நிறுத்தச் சொல்லவில்லை; கணக்குத் தாள் சரிபார்க்கப்பட்ட பின் மாலை வாங்குவோம் என்கின்றோம்.

கைநாட்டு வைத்துக் கப்பலேறியவரின் பேரர்கள், கையொப்பமிட்டு விமானம் ஏறுகின்றனர். அக்கையொப்பத்திற்கு மேலே உள்ள எண்களையும் அவர்களே எழுதட்டும்.