ஏட்டில் பதியாத வாக்கு



இடக்கொச்சியின் தென்புறத்துப் பாலத்தைக் கடந்தால் அரூர். பாலத்துக்கு இப்பால் வாழ்பவர் எர்ணாகுளம் மக்களவைத் தொகுதிக்கும், அப்பால் வாழ்பவர் ஆலப்புழைத் தொகுதிக்கும் உரியவர். இப்பக்கங்களில் நெடுங்காலமாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் பலர், தம் சொந்த ஊர் அங்கத்தினரைப் பற்றி நிரம்பப் பேசுவர். தாம் குடியிருக்கும் தொகுதியின் அங்கத்தினர் டில்லியில் என்ன செய்தார் என்றால் தயங்குவர். வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை என்று பத்திரிகைகள் அவ்வப்போது கணக்குத் தருகின்றன. அக்கணக்கை எவ்வாறு படிப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். 2019, 2024 ஆகிய இரு தேர்தல்களிலும் எர்ணாகுளத்தில் வென்ற காங்கிரஸ் அங்கத்தினர் ஹைபி ஈடன் அவர்களின் நடவடிக்கைகளைச் சான்றாகக் கொள்வோம். அவரைப் போற்றுவதும் தூற்றுவதும் நம் நோக்கமன்று.

முதலில் வாக்கு. மசோதா ஒன்று முடிவுக்கு வரும்போது சபாநாயகர், ஆதரிப்போர் 'ஆம்' என்க, எதிர்ப்போர் 'இல்லை' என்க என்று கேட்டு, எழும் ஒலியைக் கொண்டு தீர்ப்புக் கூறுகிறார். இது குரல் வாக்கெடுப்பு. யார் எப்பக்கம் குரல் கொடுத்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எவரேனும் மறுத்துப் பிரிவு வாக்கெடுப்புக் கேட்டால்தான் பெயர்வாரியாகப் பதிவு உண்டு. அரசியலமைப்புத் திருத்தமாயின் தனிப் பெரும்பான்மை வேண்டியிருப்பதால் எண்ணியே ஆகவேண்டும். 2023 செப்டம்பர் 20-இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 454-க்கு 2 என்று நிறைவேறியது அவ்வாறே. புதிய கட்டடத்தில் அன்று பொறி ஆயத்தமாகவில்லை. சீட்டு எழுதித்தான் வாக்களித்தனர். பொறி வந்த பின்னரும் சீட்டு ஒழியவில்லை. 2024 டிசம்பர் 17-இல் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகம் செய்ய நடந்த வாக்கெடுப்பில் பொறி முதலில் காட்டியது 220-க்கு 149; சீட்டுகளையும் சேர்த்த பின் 269-க்கு 198. ஆனால் மசோதாக்களிற் பெரும்பாலானவை குரலொலியிலேயே நிறைவேறிவிடுகின்றன. ஆதலால் நம் அங்கத்தினரின் வாக்குப் பதிவு என்று தேடுவோர்க்குப் பெரிதும் வெற்றிடமே கிட்டும்.

வெற்றிடத்துக்கு வேறு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 13-இல் இருவர் பார்வையாளர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்துப் புகைக்குப்பிகளை வீசினர். மறுநாள், உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டனர். அன்று முதல் தீர்மானத்தில் ஐவர் கூட்டத்தொடர் முடியும் வரை நீக்கிவைக்கப்பட்டனர். அவர்களுள் எர்ணாகுளத்து ஹைபி ஈடனும் ஒருவர். நம் கரூர்த் தொகுதியின் ஜோதிமணியும் ஒருவர். அடுத்த தீர்மானத்தில் இன்னும் பலர். அப்பட்டியலில் சேலத்து அங்கத்தினர் எஸ். ஆர். பார்த்திபன் பெயரும் இருந்தது. அவரோ அன்று அவைக்கே வந்திருக்கவில்லை! தவறு தெரிந்ததும் அவர் பெயரை விலக்கினர். கூட்டத்தொடர் முடிவதற்குள் மக்களவையில் மட்டும் 100 பேர் நீக்கப்பட்டனர். இந்நிலையில்தான் டிசம்பர் 20-இல், 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றான மசோதா உட்பட மூன்று குற்றவியல் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. வருகைக் கணக்கைப் பார்ப்பவருக்கு அந்நாளில் அவர் அவையில் இல்லை என்பது மட்டுமே தெரியும். ஏன் இல்லை என்பது தெரியாது. முழக்கமிட்டதே தவறு என்பாரும் உளர், நீக்கியதே தவறு என்பாரும் உளர். எவ்வாறாயினும் சோம்பி வீட்டிலிருந்தவரையும் இவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பது நம் கருத்து.

பதிந்த வாக்கும் முழுக்கத் தனி மனிதரின் வாக்கு என்று சொல்வதற்கில்லை. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். இதன் இறுக்கம் 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் நன்கு புலப்பட்டது. வைப்பின் தீவின் வடகோடியான முனம்பம் இத்தொகுதியைச் சேர்ந்தது. அங்கே ஏறத்தாழ 600 குடும்பங்கள் வாழும் நிலம் வக்பு சொத்து என்று உரிமை கோரப்பட்டதால் பெரும் பூசல் மூண்டிருந்தது. வக்பு திருத்த மசோதாவை ஆதரிக்குமாறு கேரளக் கத்தோலிக்க ஆயர் பேரவை அங்கத்தினர்களைக் கேட்டுக்கொண்டது. மசோதா முனம்பத்தின் சிக்கலைத் தீர்க்காது, சிறுபான்மையினர் உரிமையில் தலையிடுகிறது என்று காங்கிரஸ் எதிர்த்து நின்றது. எர்ணாகுளத்து அங்கத்தினரும் கட்சியின் பக்கமே நின்றார். ஏப்ரல் 2-இல் தொடங்கிய விவாதம் நள்ளிரவைக் கடந்தது. 288-க்கு 232 என மசோதா நிறைவேறியது. அதைத் தீர்வென நம்பிய முனம்பத்தாருக்கு மனக்கசப்பு. எதிர்த்ததற்காக மகிழ்ந்தோரும் அதே தொகுதியினரே. மட்டாஞ்சேரி போன்று பல சமயத்தாரும் சுவரோடு சுவராக வாழும் இடத்தின் பிரதிநிதிக்கு இதில் எளிய வழி இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

கட்சியைச் சாராது அங்கத்தினரின் கைவண்ணம் தெரிவது தனிநபர் மசோதாவில்தான். கேரளத்தின் தலைநகரைத் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு மாற்றுக என்று ஹைபி ஈடன் 2023-இல் ஒரு மசோதா கொணர்ந்தார். மத்திய அரசு மாநிலத்தின் கருத்தைக் கேட்டது; மாநில அரசு மறுத்தது; அவருடைய கட்சித் தலைவர்களே அதை ஏற்கவில்லை. 2024-இல் 17-ஆம் மக்களவை கலைந்தபோது, அதில் நிலுவையிலிருந்த மசோதாக்கள் அனைத்தும் காலாவதியாயின. இதில் வியப்பில்லை. விடுதலைக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14, கடைசியானது 1970-இல். முதலாவது 1954-இல் நிறைவேறியது. அது வக்பு மசோதா என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இத்தனையும் கேட்ட பின், இவரிடம் விளக்கம் கேட்க நமக்கு உரிமையுண்டா என்று இடக்கொச்சித் தமிழர் வினவலாம். எந்த இந்தியக் குடிமகனும் கடிதம் எழுதலாம். வாக்காளராக நின்று கேட்பதாயின் பெயர் இங்குள்ள பட்டியலில் இருத்தல் வேண்டும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழக்கமாக வசிக்கும் இடத்தையே கணக்கில் கொள்கிறது. இரு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதை அது ஏற்பதில்லை. ஊரிலுள்ள பெயரை இங்கு மாற்றிக்கொள்ள விரும்புவோர் நிரப்ப வேண்டியது படிவம் 8.