தை மாதத்தில் எங்கே செல்வது?

திருவல்லிக்கேணியில் வாழ்வோர் குளிர்காலத்தில் வெயிலைத் தேடிச் செல்வது பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கே ஜனவரிப் பகலில் வெப்பம் ஏறக்குறைய 29 டிகிரி, கடற்காற்றும் உண்டு. லண்டன் நகரத்தார் இதற்காகவே கடல் கடந்து வருவர்.

ஆயினும் ஓராண்டு, ஜனவரியில் என் மாணவர்களை உதகைக்கு அழைத்துச் சென்றேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வகுப்பில் கற்பித்தவனும் நானே! உதகையோ 2,240 மீட்டர் உயரம். விடியற்காலையில் புல்வெளியெங்கும் உறைபனி. கம்பளிச் சட்டை இல்லாத பையன் ஒருவன், அதைச் சொல்ல நாணி, இரவெல்லாம் நடுங்கியிருக்கிறான். காலையில் அவனுக்குக் கடுங்காய்ச்சல். புறப்படுமுன் கேட்டறியாதது என் பிழையன்றி வேறென்ன?

மறு ஆண்டு கோடியக்கரையைத் தேர்ந்தேன். டிசம்பரில் அங்கே புயலுக்கு அஞ்ச வேண்டும். சித்திரையில் மணல் சுடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதமே ஏற்றது. உப்பளங்களை அடுத்த ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நின்றன. சைபீரியக் குளிருக்கு ஒதுங்கிவந்த சிற்றுள்ளான்கள் சேற்றில் இரை தேடின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை ஆராய்ந்த இடம் அது. அருகிலுள்ள வேதாரணியத்தில் 1930இல் இராஜாஜி உப்பெடுத்தார்; எங்கள் வரலாற்றாசிரியர் அதற்கென்றே ஒரு நாள் கேட்டார்!

முந்திய ஆண்டு நடுங்கிய பையன், அரைக்கைச் சட்டையோடு கரையில் நின்று, என் தொலைநோக்குக் கண்ணாடியைத் திருப்பித் தர மறுத்துவிட்டான்.