ஏட்டுப் பெட்டியிலிருந்து எண்ணிம ஆவணகம் வரை

(வட்டத்தின் பத்தாவது ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் தளராது கூடிவந்த ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவிலே கவிதையைப் பற்றிப் பேசுவதே முறையாகும். ஆயினும், யாழ்ப்பாணத்து மண்ணில் நின்று பேசுகின்ற ஒருவர், கவிதை எழுதப்பெற்ற தாளுக்கு நேர்ந்த கதியைப் பற்றியும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். டிஜிட்டல் என நாம் வழக்கிற் கூறும் எண்ணிம ஆவணகங்கள் நம் பிரதேச வரலாற்றை எவ்வாறு காக்கின்றன என்பதை இன்று பேசுபொருளாகக் கொண்டதற்கு அதுவே காரணம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா அவர்களின் முயற்சியால் அவர்தம் இல்லத்திலே முளைவிட்டது. 1959இல் அது தனக்கென அழகியதொரு கட்டடத்தைப் பெற்றது. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இவற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அந்நிகழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் நம் கையில் இருக்கிறது. 1879இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சேறியது. தமிழ் மூலமும் அச்சுக்கு வந்து பல இடங்களுக்குப் பரவியது. பலவிடத்துப் படி இருந்த நூல் தப்பியது. ஒரே படியாய் இருந்த சுவடி சாம்பலாயிற்று.

என் வீட்டுக் கதையொன்றையும் கூற அனுமதிப்பீர்களாக. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நான் பாடசாலை மாணவி. என் தந்தையார் காணி உறுதிகளையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையில் இட்டுக்கொண்டார். அலுமாரியில் அவர் அடுக்கி வைத்திருந்த மல்லிகை இதழ்களை ஒருமுறை பார்த்து, "திரும்பி வந்து பாப்பம்" என்றார். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பியபோது கூரையின் ஒரு பகுதி இல்லை. மழை நனைத்ததைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. உறுதிகள் காணியைக் காத்தன. அக்காணியில் வாழ்ந்தவர்கள் எதை வாசித்தார்கள் என்பதற்குச் சான்று இல்லாமற் போயிற்று.

பின்னாளில் கலாநிதிப் பட்ட ஆய்வின்போது அதே இதழ்கள் எனக்குத் தேவைப்பட்டன. டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் தொடங்கிய அவ்விதழின் பழைய பிரதிகளை நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே கண்டேன். 2005ஆம் ஆண்டு தன்னார்வலர் சிலரால் தொடங்கப்பெற்ற முயற்சி அது. ஓர் இதழின் அட்டையில் முன்பின் அறியாத ஒருவரின் கையொப்பம் இருந்தது. அவர் தம் வீட்டில் அதனைப் பேணி, பிறருக்கு உதவட்டும் என்று கொடுத்திராவிடின் என் ஆய்வின் ஓர் இயல் எழுதப்பட்டிராது.

எண்ணிம ஆவணகம் என்றதும் நம்மிற் பலர் இயந்திரத்தையே எண்ணுகின்றோம். இயந்திரம் செய்வது பாதி வேலைதான். ஒரு வீட்டின் பெட்டி திறக்கப்பட வேண்டும். தாள் தூசு தட்டப்பட்டுப் பக்கம் பக்கமாக மின்வருடப்பட வேண்டும். ஆசிரியர், ஆண்டு, ஊர், அச்சகம் ஆகிய விபரங்களை அறிந்தவர் ஒருவர் பதிவு செய்ய வேண்டும். விபரமற்ற படம், பெயர் எழுதாத பழைய புகைப்படத்துக்கு ஒப்பாகும். இருக்கும், ஆனால் எவருக்கும் பயன்படாது.

கவிஞர்களே, உங்கள் துணை வேண்டப்படுவது இங்கேதான். நம் ஊர்களில் ஒருவர் மறைந்தால் அந்தியேட்டி நாளில் வெளியிடப்படும் நினைவு மலரைக் 'கல்வெட்டு' என்று அழைக்கின்றோம். அதில் திதி வெண்பா இருக்கும், வம்சாவளி இருக்கும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எனச் செய்யுள்கள் இருக்கும். ஆண்டு, மாதம், பட்சம், திதி அனைத்தையும் நான்கடிக்குள் அடக்கும் அவ்வெண்பா ஒரு காலக்குறிப்பு. வம்சாவளியோ, யார் எவ்வூரிற் பெண்ணெடுத்தார், யார் மலாயா சென்றார் என்பதற்கெல்லாம் சான்று. இன்று நூலகம் இத்தகைய மலர்களையும் சேகரித்து வருகிறது. ஆயினும் நான் பார்த்த கல்வெட்டுகள் சிலவற்றில் வெண்பாவை யாத்த ஊர்ப்புலவரின் பெயரில்லை. ஓசையையும் சொல்லாட்சியையும் கொண்டு "இது இன்னார் வாக்கு" என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். அந்த அறிவு எந்த இயந்திரத்திலும் இல்லை. அது உங்களோடு மறைந்துவிடலாகாது.

மற்றொன்றையும் மறைக்காமற் கூற வேண்டும். கல்வெட்டு அச்சிடும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இருந்ததில்லை. அச்சிட்டவர்களின் வரலாற்றை மட்டும் சேகரித்தால், நிலமற்றவரும் கூலிக்கு உழைத்தவரும் ஊரில் வாழவே இல்லை என்று எதிர்கால ஆய்வாளர் எண்ணக்கூடும். மனைவி புலம்பலைப் பாடியவரும் பெரும்பாலும் ஆண் புலவரே. அப்பெண் தன் வாயால் என்ன சொல்லியிருப்பாள் என்பது பதிவாகவில்லை. ஆகவே தாளோடு நில்லாது குரலையும் பதிவு செய்தல் வேண்டும். வாய்மொழி வரலாறுகளையும் நிழற்படங்களையும் திரட்டும் முயற்சிகள் நம்மிடையே தொடங்கியிருப்பது ஆறுதல் தருகிறது. ஆயின், கடிதமும் குரலும் பிறருக்கு உரியவை. உரியவரின் இசைவின்றி அவற்றைப் பொதுவில் வைத்தல் தகாது.

எண்ணிமமாக்கிவிட்டால் அழிவில்லை என்று கருதுவதும் பிழையாகும். 2023 ஒக்டோபரில் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளான பிரித்தானிய நூலகத்தின் சேவைகள் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தன. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை. நாமோ பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிய கவிதைகளைக் கணினியில் வைத்திருக்கின்றோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் படியெடுத்து வைப்பதே காப்பு. வைபவமாலை கற்பித்த அதே பாடந்தான் இது.

நிறைவாக, வட்டத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். கடந்த பத்தாண்டுகளின் அழைப்பிதழ்கள், கவியரங்கக் கையெழுத்துப் படிகள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் பட்டியலிடுவோம். ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் வீட்டிலுள்ள கல்வெட்டுகளைக் கொணர்ந்து, வெண்பா யாத்தவர் பெயர் தெரிந்தால் எழுதி, மின்வருடக் கொடுத்து, மூலத்தை மீளப் பெறுவோம். வெளிவரவிருக்கும் நம் பத்தாம் ஆண்டு மலரின் ஒரு படியை, அது கையில் வரும் நாளிலேயே எண்ணிம நூலகத்துக்கு வழங்குவோம்.

என் தந்தையார் அலுமாரியைப் பூட்டிய அந்த மாலையில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இன்று வழி இருக்கிறது. திரும்பி வந்து பார்க்கலாம் என்று எதனையும் விட்டுச் செல்லாதிருப்போமாக.