பின்வந்தவரின் இசை

 

கவியரங்கில் ஒருவர் நல்ல கவிதை படித்து அமர்ந்தபின் அடுத்து எழுபவரின் நிலை இவ்விலக்கிய வட்டத்தார் அறியாததன்று. முன்னவர் குரல் அவையில் இன்னும் நிற்கும். அதனைப் பின்பற்றினால் எதிரொலியாகும். புறக்கணித்தால் அவையின் மனநிலை கலையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி ஒன்றை ஜாஸ் இசையில் காட்டியவர் கர்ட்டிஸ் ஃபுல்லர் என்னும் டிராம்போன் கலைஞர்.

1932இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த ஃபுல்லர், அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். ஜே. ஜே. ஜான்சனின் வாசிப்பே அவரை டிராம்போனிடம் ஈர்த்தது. அக்கருவியின் இயல்பு அறியத்தக்கது. சாக்சபோனில் துளைகளை மூடித் திறக்க விசைகள் உண்டு. டிராம்போனிலோ குழாய் ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது. அதற்கு ஏழு நிலைகள் உண்டெனினும் அவற்றைச் சுட்டும் குறி ஏதும் இல்லை. கையும் செவியும் சேர்ந்தே சுரத்தானத்தைக் கண்டடைதல் வேண்டும். விரைந்து வாசிக்கையில் சிறு பிசகு மறைந்துபோகலாம். விளம்ப காலத்தில் அதற்கு மறைவிடம் இல்லை.

1957இல் நியூயார்க் சென்ற ஃபுல்லர், அவ்வோராண்டிலேயே ப்ளூ நோட் நிறுவனத்திற்குத் தம் தலைமையில் மூன்று இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். ஆயினும் அவர் வாசிப்பைப் பெரும்பாலோர் கேட்டது பிறர் பெயரில் வெளிவந்த ஒரு தட்டில்தான். அது ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெய்ன்'. 1957 செப்டம்பர் 15 அன்று, நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் இல்லத்துக் கூடத்தில் அமைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் அது பதிவாயிற்று.

அதன் ஐந்து உருப்படிகளுள் நான்கு கோல்ட்ரேன் இயற்றியவை. எஞ்சிய ஒன்று 'ஐயம் ஓல்டு ஃபேஷன்டு'. 1942ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றிற்காக ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஜானி மெர்சர் எழுதிய பாடல் அது. தமிழாய்வில் கதைப்பாடலைக் குறிக்கும் 'பாலட்' என்னும் சொல், ஜாஸ் வழக்கில் இத்தகைய மென்னடைக் காதற்பாடலைக் குறிக்கும். பழைய போக்கில் மகிழ்வு கொள்ளும் நெஞ்சே அதன் பொருள். பின்னாளில் புதுமையின் வடிவாகப் போற்றப்பட்ட கோல்ட்ரேன், அப்பாடலைத் தேர்ந்தது எண்ணத்தக்கது.

இப்பதிவில் பாடுவோர் இல்லை. ஆதலின் சொற்களும் இல்லை. கோல்ட்ரேனின் டெனர் சாக்சபோன் மெட்டை மிகுதியாக அணிசெய்யாது, அடியடியாக, மூச்சு முடியும் இடத்தில் நிறுத்திப் பாடுகிறது. சொல் நீங்கியபின்னும் சொற்றொடரின் வடிவம் நிற்கிறது. கவிதையின் ஓசை பொருளுக்கு வெறும் ஆடையன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

பின்னர் ஃபுல்லரின் முறை வருகிறது. அவர் கோல்ட்ரேனைப் போல ஒலிக்க முயலவில்லை. வேகம் காட்டி வெல்லவும் முயலவில்லை. முன்னவர் விட்ட அமைதியை வாங்கிக்கொண்டு, அதனுள் தம் கனத்த குரலில் பேசுகிறார். யாப்பு அதுவே, பாட்டு வேறு. அந்தாதியில் முன்பாட்டின் இறுதிச்சொல் பின்பாட்டின் முதலாகும். இங்கே தொடர்வது சொல்லன்று, மனநிலை.

1959இல் பென்னி கோல்சனுடன் அவர் பதிவு செய்த 'ப்ளூஸெட்' அவர்தம் தலைமைத் திறனுக்குச் சான்று. 1961 முதல் ஆர்ட் பிளேக்கியின் குழுவில், ஃபிரெடி ஹப்பார்டின் டிரம்பெட்டிற்கும் வெய்ன் ஷார்ட்டரின் சாக்சபோனிற்கும் துணைநின்று மூன்றாம் ஊதுகருவியாய் ஒலித்தார். 1990களில் நுரையீரல் புற்றுநோய் அவரைத் தாக்கியது. மூச்சையே முதலாகக் கொண்ட கலைஞர், அதன்பின் மீண்டும் பயின்று மேடையேறினார். 2007இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் அவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' விருது வழங்கியது. 2021 மே 8 அன்று மறைந்தார்.

இசைத்தட்டின் அட்டையில் பெரிதாக நிற்பது ஒருவர் பெயரே. ஆனால் பின்வருபவர் தவறினால் முன்னவர் எழுப்பிய பாட்டும் கலைந்துவிடும். இலக்கிய மரபும் அத்தன்மையதே. முதற்குரல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பிறர் பாட்டை முழுதாகக் கேட்டு, அதன்பின் தம் குரலில் பேசும் பொறுப்போ அனைவர்க்கும் உரியது. பத்தாண்டுகள் ஒருவரையொருவர் செவிமடுத்து வளர்ந்த இவ்வட்டம் அப்பொறுப்பை மேலும் பேணுவதாகுக.