நாலு சில்லும் இழுத்தால் போதுமா?



மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புர பக்கம் இறங்குகிற பிரதான பாதை தார் போட்டது. அதிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் போகும் கல் ரோட்டில்தான் வானின் வண்டவாளம் தெரியும். மழையில் மண் ஊறிவிட்டால் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். பொடியன்கள் நாலு பேர் பின் ஆசனத்தில் போய் உட்கார்ந்தால் வான் மெல்ல ஏறும்.

காரணம் இதுதான். ஹைஏஸ் போன்ற பழைய வான்களில் எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது, இழுப்பதோ பின்சில்லு. ஆளில்லாத வானில் பின்பக்கம் பாரம் குறைவு, அதனால் பிடிமானமும் குறைவு. அப்படியானால் முன்சில்லையும் இழுக்க வைத்தால் என்ன? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. ஜீப் விலை எட்டாத நிலையில், கையிலிருக்கும் வானையே மாற்றிக்கொள்ள நினைப்பது நியாயம்தான்.

ஆனால் வேலை பெரியது. கியர் பெட்டிக்குப் பின்னால், இழுவையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டி வேண்டும். முன்பக்கத்துக்குத் தனி ஷாப்ட், தனி டிப்ரன்ஷியல் வேண்டும். பின்சில்லு மட்டும் இழுக்கும் வானின் முன் ஹப்பில் ஷாப்ட் நுழைய வழியே கிடையாது. அதையும் மாற்ற வேண்டும். எண்ணெய்ச் சட்டி இடிக்காமலிருக்க வானையே உயர்த்த வேண்டி வரலாம்.

இவற்றைவிட முக்கியம், இரண்டு டிப்ரன்ஷியலின் பல் கணக்கு: இரண்டு பக்கச் சில்லும் ஒரு சுற்று வர ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. அதை வீட்டிலேயே பார்க்கலாம். தரையிலுள்ள சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விட்டு, ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்குங்கள். ஷாப்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, மற்றச் சில்லு நிற்பதால் அந்தச் சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாப்ட் நாலு சுற்றுக்குச் சற்று மேல் போனால் கணக்கு 4.1 அளவில் இருக்கும். முன்னால் பூட்டுவது 4.3 என்றால், நூறு மீற்றருக்கு நாலு மீற்றருக்கு மேல் முன்னும் பின்னும் முரண்டு பிடிக்கும். நடை பொருந்தாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். டயர் தேயும், கடைசியில் ஷாப்டோ பெட்டியோ உடையும்.

கம்பனிகளும் நாலு சில்லு இழுவையைச் சும்மா ஒட்டவைக்கவில்லை. மிட்சுபிஷி 1982 இல் டெலிகா வானுக்கு நாலு சில்லு இழுவை கொடுத்தபோது, பஜேரோ ஜீப்பின் பாகங்களை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனியில், சஹாராப் பயணத்தில் ஆசை கொண்ட பொறியியலாளர் குஸ்தாவ் மாயரும் கூட்டாளிகளும் 1970களில் முன்மாதிரி வான்களைச் செய்து பார்த்தார்கள். ஆனால் நாலு சில்லும் இழுக்கும் சிங்க்ரோ வான் விற்பனைக்கு வந்தது 1985 இல்தான். அதுவும் ஒஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனத்தின் துணையோடு. ஆகவே மாற்றியே தீருவேன் என்பவர், தன் வானின் அதே ரகத்தில் நாலு சில்லு இழுவையோடு வந்த வண்டி ஒன்றின் பாகங்களை முழுத் தொகுதியாக வாங்குவதே புத்தி. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் பல் கணக்கு பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இனி, பலரும் மறப்பது. நாலு சில்லும் இழுப்பது ஏற்றத்துக்கு உதவும்; இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது பிரேக்தான். நமது மலைப்பாதையில் ஏற முடியாமல் நின்ற வானில் நேரம்தான் போகும். இறக்கத்தில் நிற்காத வானில் உயிர் போகும். உயர்த்திய வான் வளைவில் அதிகம் சாயும். பிரேக் குழாய்கள் நீளம் போதாமல் இழுபடும். வேலை முடிந்ததும் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தார் ரோட்டில் இழுவையைப் பின்சில்லுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வளைவில் பெட்டி இறுகும்.

மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்காமல் ஓடினால், விபத்தின்போது நஷ்டஈடு வழக்காகிவிடும்.

எனவே செலவை இந்த வரிசையில் வையுங்கள்: முதலில் பிரேக். அடுத்து, ஆழமான பட்டையுள்ள நல்ல டயர். பிறகு, ஒரு சில்லு சும்மா சுற்றும்போது மற்றதற்கும் இழுவை கொடுக்கும் லிமிட்டட் ஸ்லிப் டிப்ரன்ஷியல். இந்த மூன்றோடு வான் உங்கள் ரோட்டில் ஏறிவிட்டால் மிச்சக் காசு பிள்ளைகளுக்கு. ஏறாவிட்டால் மட்டும் முன்சில்லைப் பற்றி கராஜ் பாஸுடன் பேசுங்கள்.