சுண்ணாம்பும் ஜிப்சமும் ஒன்றல்ல



வெள்ளைப் பொடி யாவும் சுண்ணாம்பே என்று எண்ணுதல் தவறு. சுட்ட கல்லில் நீர் தெளித்தால் கொதித்துப் பொடியாவது சுண்ணாம்பு. அது அமில நிலத்தைத் திருத்தும். கால்சியம் சல்பேட்டாகிய ஜிப்சம் கொதிக்காது. அதை மிதமாகச் சூடாக்கினால், எலும்பு முறிவுக்குக் கட்டும் பாரிஸ் சாந்து கிடைக்கும். களர் மண்ணைப் பற்றிய சோடியத்தை ஜிப்சம் விடுவிக்கும். நல்ல நீரைத் தேக்கி வடித்தால் அது கழியும். அங்கே சுண்ணாம்பு இட்டால் பணமும் உழைப்பும் வீணாகும்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலக்கடலை பயிரிடுவோர், இறவைப் பயிருக்கு 40 முதல் 45 நாட்களுக்குள் ஏக்கருக்கு ஏறக்குறைய 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தல் வேண்டும். காய்கள் தமக்கு வேண்டிய கால்சியத்தை மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகின்றன. அது குறைந்தால் பொக்குக் காய்களே மிகும்.

ஆதலால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மண்ணைப் பரிசோதித்து, மூட்டையின் பெயரைப் படித்து வாங்குங்கள். மண் மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பப் பஞ்சாயத்தார் துணை நிற்பார்களாக.